ஆடி மாசத்தில் ஓர் எர்த் குழி

நாங்கள் பிரிட்ஜ் வாங்கியது ஐஸ் தண்ணீர் குடிக்கவோ, மீன் குழம்பை மறுநாளும் வைத்துச் சாப்பிடவோ அல்ல. தாய்ப்பால் வைக்க. இதைச் சொன்னால் பலபேர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஆகட்டும், எனக்கென்ன. பால் என்னுடையது, பிள்ளை என்னுடையது, பிரிட்ஜும் என்னுடையது.

அப்போது ஒத்தக்கடையைத் தாண்டி, புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பகுதியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும். மேலே நான், என் கணவர், ஆறு மாதப் பெண் குழந்தை. அதோடு என் கணவரின் அக்கா. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகவே வந்திருந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பிமார்களை ஆளாக்கியவர். காட்டின் அந்தக் கோடியில் நிற்கிற ஆளைக் கூப்பிடும் குரல் அவருக்கு. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் கணவர் பெரும்பாலும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்.

தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பது என் வேலை. லீவு முடிந்தது. வக்கீல் நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கும் மனு டைப் ஆகவேண்டும். போன் போட்டு, "வாரியாம்மா, இல்ல நான் வேற ஆள் பாக்கட்டுமா?" என்றார். வாரேன் சார் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. பாப்பாவுக்கு டப்பா பால் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்த அடுத்த நிமிஷம் கக்கிவிடும், அப்புறம் வயிற்றால் போகும். இரண்டு கம்பெனி மாற்றிப் பார்த்தோம், இரண்டுக்கும் அதே கதை. கேப்பைக் கூழ் கொடுக்கத் தொடங்கியிருந்தோம், அதிலும் பாதி சட்டையில்தான் போகும்.

குழந்தை டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். காலையில் பாலை எடுத்துச் சுத்தமான பாட்டிலில் மூடி பிரிட்ஜின் உள்பக்கமாக வையுங்கள், கதவுப் பக்கம் வேண்டாம். கொடுக்கும்போது பாட்டிலை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்குங்கள், அடுப்பில் காய்ச்சாதீர்கள். அவ்வளவுதான். நான் அதுவரை இப்படி ஒன்று முடியும் என்றே யோசித்ததில்லை. பால் கெடாமல் இருந்தால் வேலை இருக்கும், கெட்டால் வேலை போகும். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தது.

எங்கள் அடுப்படியில் ஆள் உயரப் பிரிட்ஜுக்கு இடமில்லை. இடுப்பு உயரத்தில், ஒற்றைக் கதவோடு சின்னதாக ஒன்று வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் லோடு ஆட்டோவில் வந்தது. மாடிப்படி திருப்பத்தில் நிமிர்த்திக் கொண்டுபோக முடியாமல், டிரைவரும் என் கணவரும் அதைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். கடைக்காரர் முன்னாலேயே சொல்லியிருந்தார், படுக்கவைத்துக் கொண்டுபோனால் சாயங்காலம் வரை நிமிர்த்தி நிறுத்திவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும், உள்ளே இருக்கிற எண்ணெய் கீழே இறங்கவேண்டும் என்று.

மதினி நாள்காட்டியைப் பார்த்தார். "நாலரைக்கு ராகு காலம் வந்துரும்டா தம்பி. அதுக்குள்ள போட்டுரு."

"அக்கா, கடைக்காரரு சாயங்காலம் வரைக்கும் போடக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

"அவரு வியாபாரி, என்னத்தையாச்சும் சொல்லுவாரு. நல்லது கெட்டது நாமதான பாக்கணும்?"

நான் நடுவில் புகுந்து, ராகு காலம் ஆறு மணிக்கு முடிந்துவிடும், அதற்கப்புறம் போட்டால் இரண்டு பேர் சொன்னதும் நடந்த மாதிரி ஆகும் என்றேன். மதினி கொஞ்சம் யோசித்தார். நான் சொன்னது சரியாக இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆறு மணி தாண்டியதும் கதவில் மஞ்சள் குங்குமம் வைத்து, உள்ளே ஒரு கிண்ணம் உப்பும் ஒரு மஞ்சள் கிழங்கும் வைத்து, சூடம் காட்டிவிட்டு, "ம், இப்பப் போடு" என்றார். மெல்ல உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் காலை முதல் பாட்டில் பாலை உள்ளே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமைதான் அந்தச் சுர்ரென்ற உணர்வு முதலில் வந்தது. வெள்ளிக்கிழமை மதினி வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். ஈரத் தரையில் நின்று கதவின் ஓரத் தகட்டைத் தொட்டேன். விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். மறுபடியும் தொட்டேன். மறுபடியும் சுர்.

"மதினி, இது ஷாக் அடிக்குது."

"லேசாப் புடிக்குதா? ஆமா, எனக்கும் நேத்துப் புடிச்சுச்சு. அது ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதா? கரண்ட்டுங்க அது!"

"அட ஏன் பிள்ள இந்தக் கத்து கத்துற? கீழ அவுக வீட்டுல துணி துவைக்கிற மிஷினு அப்படித்தான் இருக்காம். செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் தொடுவாகளாம்."

இந்த யோசனையில்தான் ஒரு சிக்கல். எங்கள் அடுப்படியில்தான் சாமி அலமாரியும் இருந்தது. அடுப்படிக்குள் செருப்பா? மதினி உயிரோடு இருக்கும்வரை நடக்காது. ஆகவே சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது பிரிட்ஜுக்கு முன்னால் ஒரு மரப்பலகை போட்டிருந்தது. அதன் மேல் ஏறி நின்று கதவைத் திறந்தால் சுர் இல்லை. மதினி பெரிய விஞ்ஞானி மாதிரி ஏறி நின்று திறந்து காட்டினார். என் கணவரும், "பரவாயில்லையே" என்றார். பார்த்தால் அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கீழே ஓனர் மனைவி வாஷிங் மெஷினுக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருந்தார். தண்ணீர் மோட்டார் சுவிட்சைத் தட்டுவதற்கு ஒரு விளக்குமாற்றுக் கட்டை. யாரும் இதைக் கோளாறு என்று நினைக்கவில்லை, வீட்டின் சுபாவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "ஒத்தக்கடைலதான்கா நிக்கிறேன், இந்தா வாரேன்" என்று நாலு நாள் சொன்னார். போனில் பின்னால் மேலூர் பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்கும் சத்தம் கேட்கும். கடைசியில் ஒருநாள் வந்தார். சுவரில் இருந்த பிளக்கில் ஒரு குண்டு பல்பின் இரண்டு வயரையும் சொருகினார், எரிந்தது. ஒரு வயரை எடுத்து மேலே இருக்கிற பெரிய ஓட்டையில் சொருகினார், எரியவில்லை.

"எர்த் இல்லக்கா. மூணு ஓட்டை இருக்கு, மேல இருக்கிற ஓட்டைல சும்மா காத்துதான் இருக்கு."

கீழே போய் மீட்டர் பெட்டியைப் பார்த்தார். முன்பக்கம் டைல்ஸ் போட்டபோது, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழியையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள், வயர் அறுந்து கிடந்தது. வீட்டின் பின்பக்கம் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே புதிதாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, மேலே வரைக்கும் வயர் இழுக்க வேண்டும் என்றார். அதோடு கரண்ட் கசிந்தால் தானாகவே அணைந்துவிடுகிற சுவிட்ச் ஒன்றை மெயின் போர்டில் மாட்ட வேண்டும். என் கணவர் தன் பங்குக்கு, "அதுவரைக்கும் தண்ணிப் பைப்புல ஒரு வயரைக் கட்டி விட்டா என்ன?" என்றார். எலக்ட்ரீஷியன் சிரித்தார். பைப் பிளாஸ்டிக், அதில் கட்டுவதும் ஜன்னல் கம்பியில் கட்டுவதும் ஒன்றுதான், கம்பியில் கட்டினால் ஜன்னலும் சேர்ந்து ஷாக் அடிக்கும் என்றார்.

"இப்ப லேசாத்தானே புடிக்குது?" என்று மதினி கேட்டார்.

"இப்ப லேசாத்தான்மா. உள்ள ஏதாவது வயரு உரசுச்சுன்னா லேசாப் புடிக்காது."

பாப்பா அப்போதுதான் குப்புற விழுந்து, வயிற்றால் நகரப் பழகிக்கொண்டிருந்தாள்.

உடனே ஓனரிடம் போனேன். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையாகப் பேசுவார். அதுதான் பிரச்சினையே, சண்டை போடக்கூட இடம் கொடுக்க மாட்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, "கண்டிப்பாச் செஞ்சுருவோம்மா. செலவு நான் பாத்துக்கிறேன். ஆனா நாளைக்கழிச்சு ஆடி பெறக்குது பாருங்க. ஆடியில வீட்டு மனையில குழி தோண்டக் கூடாதும்மா. ஆவணி ஒண்ணாந் தேதி மொத வேலை இதுதான்" என்றார்.

"சார், நாளைக்கே தோண்டிரலாமே. நாளைக்கு ஆனிதானே?"

"நாளைக்குச் செவ்வாக்கெழமை."

நான் மாடிக்கு ஏறி வந்து ஒரு ஆட்டம் ஆடினேன். பிள்ளை உயிர் பெரிசா, ஆடி பெரிசா என்று கத்தினேன். என் கணவர், "ஒரு மாசம்தானே, பலகை இருக்குல்ல" என்றார். அந்தப் பலகையைத் தூக்கி அவர் தலையில் போட்டால் என்ன என்று தோன்றியது. மதினி ஓனர் பக்கம்தான். "பெரியவுக காரணமில்லாமச் சொல்லல பிள்ள. வீட்டுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அப்புறம் ஆடியில தோண்டுனதாலதான்னு ஆகும். ஆவணி வரைக்கும் நான் பாத்துக்கிறேன், பாப்பாவ நான் அங்கிட்டு விட மாட்டேன், போதுமா?" என்றார். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. பிரிட்ஜ் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. அடுப்படிக்குக் கதவு கிடையாது, வாசலில் பெரிய சூட்கேஸ் ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆடி பிறந்து சில நாளிலேயே பால் கெடத் தொடங்கியது. மதினி போனில், "பாப்பா பாட்டிலத் தட்டி விடுறா" என்றார். சாயங்காலம் வந்து மிச்சப் பாலை மோந்து பார்த்தால் புளித்த வாடை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதிகாலையில் தூக்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து எடுத்த பால். சிங்கில் ஊற்றும்போது நெஞ்சு எரிந்தது. மறுநாளும் அதே கதை. பாப்பா பகல் முழுக்க அரைவயிறோடு இருந்துவிட்டு, நான் வந்ததும் சேலையைப் பிடித்து இழுத்து அழுவாள்.

கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். பிரிட்ஜ் சுவரோடு ஒட்டியிருக்கிறது, பின்பக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள் என்று இழுத்து வைத்தார். உள்ளே இருந்த ரசச் சட்டியைத் தொட்டுப் பார்த்து, சூடான எதையும் வைக்காதீர்கள், சின்னப் பெட்டி, தாங்காது என்றார். மேலே மதினி போட்டிருந்த பூ வேலை செய்த துணியையும், அது தொங்கிப் பின்பக்கத்தை மூடுகிறது என்று எடுத்துவிட்டார். மாவுத் தூக்குவாளியை வெளியே எடுத்தோம். எல்லாம் சொன்னபடி செய்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் பால் புளித்தது. மேலே இருக்கிற ஐஸ் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்துப் பார்த்தேன். ஐஸ் கட்டிகள் தனித்தனியாக இல்லாமல் உருகி, மறுபடியும் ஒரே பாளமாக உறைந்திருந்தன.

"மதினி, பகல்ல கரண்ட் போகுதா?"

"ஆமா, அப்பப்பப் போகும்" என்றார், பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே.

நான் மின்வாரியத்தைத் திட்டினேன். பிறகு பிரிட்ஜ் கம்பெனியைத் திட்டினேன். அந்த வாரக் கடைசியில் வக்கீலிடம், "சார், நான் நின்னுக்கிறேன் போலருக்கு" என்று சொல்லியும் விட்டேன். அவர், "திங்கக்கெழம வரைக்கும் யோசிச்சுச் சொல்லும்மா" என்றார்.

திங்கட்கிழமை கோர்ட் புறக்கணிப்பு என்று மதியமே ஆபீஸை மூடிவிட்டார்கள். மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா சூட்கேஸின் ஓர இடுக்கில் புகுந்து அடுப்படிக்குள் போய்விட்டிருந்தாள், பிரிட்ஜின் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். என் உயிர் போய்விட்டது. பையை வீசிவிட்டு ஓடிப்போய் அள்ளினேன். பாப்பா சிரித்தாள். பக்கத்திலேயே மதினி சப்பணமிட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிரிட்ஜ் உறுமவில்லை. அதன் வயர் பிளக்கிலிருந்து பிடுங்கப்பட்டு, மேலே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"நீங்களா?" என்றேன். "நீங்கதான் தெனமும் புடுங்கி விடுறீங்களா?"

மதினி கீரையைப் பார்த்தார்.

"கரண்ட் போகுதுன்னு எங்கிட்டப் பொய் சொன்னீங்க! எம்புட்டுப் பாலு கீழ ஊத்திருக்கேன் தெரியுமா? என் பிள்ள பட்டினி கெடந்திருக்கு. நான் வேலைய விடுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் மதினி!"

"கத்தாத பிள்ள. பாப்பா பயப்படுது."

"கத்தாம? கொஞ்சவா உங்கள?"

அப்போது மதினி எழுந்து நின்றார். அவர் குரல் என்னைவிடப் பெரிதாக வரும் என்று நினைத்தேன். சின்னதாகத்தான் வந்தது. "நீ இங்க இருந்தியா? அந்தப் பெட்டி ஓரமாப் புகுந்து வாரா பிள்ள. ஒருநா நான் ஒலைய எறக்கிட்டுத் திரும்புறேன், கதவத் தொடப் போறா, தரை பூரா ஈரம். நான் அப்படியே சட்டிய விட்டுட்டேன். இந்தா பாரு." முழங்கைக்குக் கீழே வெந்து கறுத்த தழும்பு. சாதம் வடிக்கும்போது பட்டுவிட்டது என்று எங்களிடம் சொல்லியிருந்தார். "அன்னைலருந்து அவ முழிச்சிருந்தா புடுங்கிருவேன். தூங்குனா சொருகுவேன். பாலு கெடும்னு எனக்குத் தெரியாமலா? என்ன செய்யச் சொல்ற? உசுரா, பாலா?"

"அத எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? நான்தான ஆடி கழியட்டும்னு சொன்னேன்."

நான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பாப்பா என் தாலிச் சரட்டைக் கடித்தாள். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. மதினியும் என் எதிரே உட்கார்ந்தார். கீரையை ஆய்ந்து முடித்தார்.

மறுநாள் விடிந்ததும் கீழேயிருந்து 'ணங்' என்று சத்தம் கேட்டது. என் கணவரும் நானும் எட்டிப் பார்த்தோம். பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்து வாட்ச்மேனிடம் கடப்பாரை வாங்கிவந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் எலக்ட்ரீஷியன் காட்டிய இடத்தில் மதினி குத்திக்கொண்டிருந்தார். ஓனர் பனியனோடு ஓடிவந்தார்.

"என்னம்மா இது! ஆடிம்மா!"

"தெரியும்ணே. எங்க ஊருல இந்நேரம் காடு பூரா உழுது போட்டுருக்கு. ஆடியிலதான் நாங்க வெதைக்கிறது. அம்புட்டுப் பேரும் மண்ணத் தோண்டுறோம், எங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல. உங்க மண்ணு மட்டும் என்ன, தனியா ஜாதகம் எழுதி வச்சிருக்கா?"

"அது விவசாயம்மா. இது மனை."

"சரி, பாவம்னா எம்மேல வரட்டும். எனக்குப் பிள்ளையா குட்டியா? குழி நான்தான் தோண்டுனேன்னு உங்க சாமிகிட்டச் சொல்லிருங்க. நீங்க உள்ள போயிக் காப்பி குடிங்கண்ணே."

அப்போது ஓனர் மனைவி கதவோரம் வந்து நின்றார். அதுவரை அந்த அம்மாள் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "விடுங்க. எனக்கும் சேத்துத்தான் தோண்டுறாங்க. செருப்பப் போட்டுத் துணி துவைச்சு எனக்கு அலுத்துப்போச்சு" என்றார். ஓனர் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுகிற சத்தம் கேட்டது. என் கணவர் இறங்கிப்போய்க் கடப்பாரையை வாங்கினார். மதினி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அடியில் சரளை மண், கை கொப்புளம் போட்டது. இடுப்பளவு ஆழம் போனதும், அன்றைக்கு அதிசயமாகச் சொன்ன நேரத்துக்கே வந்த எலக்ட்ரீஷியன் குழாயை அடித்து இறக்கினார். சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வயரை மாடி வரைக்கும் இழுத்து, மெயின் போர்டில் அந்தத் தானாக அணைகிற சுவிட்சையும் மாட்டினார்.

மேலே வந்து பிளக்கில் பல்பை வைத்துப் பார்த்தார். மேலே இருக்கிற பெரிய ஓட்டையில் ஒரு வயரைச் சொருகியதும் புது சுவிட்சின் குமிழ் 'டக்' என்று கீழே இறங்கி வீடே அணைந்தது. எனக்குத் திக்கென்றது. அவர், "இதுதான்கா வேணும். எர்த் இருக்கு, சுவிட்சும் வேலை செய்யுது" என்று போய் அதைத் தூக்கிவிட்டார். பிரிட்ஜைச் சொருகி, டெஸ்டரால் கதவைத் தொட்டுக் காட்டினார். டெஸ்டர் விளக்கு எரியவில்லை. "முடிஞ்சுச்சுக்கா, இனிமே தாராளமாத் தொடலாம்."

மதினி போய்க் குழாயில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு வந்தார். பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஈரக் காலோடு தரையில் நின்றார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் கதவின் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டார். எடுக்கவில்லை.

"மதினி! பைத்தியமா உங்களுக்கு? அவருதான் பாத்துட்டாருல்ல!"

"அவரு லைட்ட வச்சுப் பாத்தாரு" என்றார், கையை எடுக்காமல். "பிள்ள தொடுறதுக்கு முன்னாடி ஒரு மனுசன் தொட்டுப் பாக்க வேணாமா?"

பயந்துகொண்டேதான் அவ்வளவு நேரமும் கையை வைத்திருந்தார். பிறகு எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, "போயிக் கெளம்பு. அந்த வக்கீலுகிட்ட, வாரேன்னு சொல்லு" என்றார். அந்த மனுஷியைக் கட்டிப் பிடித்து அழவேண்டும் போலிருந்தது. எங்களுக்குள் அந்த வழக்கம் இல்லை. "சாப்பிட்டுட்டுத் தூங்குங்க, கை வேற பொத்துப்போயிக் கெடக்கு" என்று எரிந்து விழுந்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதற்கப்புறம் பால் கெடவில்லை. காலையில் வைத்துவிட்டுப் போகிற பாட்டில்கள் சாயங்காலம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். பாப்பாவின் கன்னம் உப்பியது.

ஆடி கடைசி வாரம். ஆபீஸில் ஒரு ஜாமீன் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மதினி வீடியோ கால் போட்டார். போனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முதலில் மேற்கூரையைக் காட்டினார், பிறகு தன் மூக்கைக் காட்டினார். "பாரு பிள்ள, பாரு, பாரு!" என்று கத்தினார். அப்புறம் திரை கீழே இறங்கியது. பாப்பா பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். முதன்முதலாக. முழங்கால் ஆடியது, வாய் ஒழுகியது, இரண்டு கையும் அந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் தொப்பென்று உட்கார்ந்தாள், மதினி கை கொட்டிச் சிரித்தார்.

எனக்கு மார் இறுகிப் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்துவிட்டது. மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டு அழுதேன். சந்தோஷம்தான், அதைவிட ஆத்திரம். என் பிள்ளை எழுந்து நின்றபோது நான் அங்கே இல்லை. நான் அங்கே இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை பாடும்.

"ஏ பிள்ள, பாத்தியா? லைன்ல இருக்கியா?" என்று மதினி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பாத்தேன் மதினி" என்றேன். சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, மனுவில் விட்ட வரியைத் தேடிப் பிடித்து அடிக்கத் தொடங்கினேன்.